கிராமத்தில் சபை நாட்டுவது வேனில் போய் வருகிற வேலையா?

வாசகர் கேள்வி, மார்ச் 1
எங்கள் சபையார் பத்து கிராமங்களைத் தத்தெடுத்திருக்கிறோம். ஐந்து வருஷத்தில் பத்து ஆலயம் கட்டத் திட்டம். ஊழியர்கள் ஞாயிறு மதியம் வேனில் போய், ஆராதனை நடத்திவிட்டு ராத்திரி திரும்பிவிடுவார்கள். மூன்று வருஷம் ஆகியும் ஆள் சேரவில்லை. திருநெல்வேலியில் அன்றைக்கு மிஷனரிகள் கிராமம் கிராமமாகச் சபை நாட்டினார்களே, அப்படிப்பட்ட ஆட்கள் இன்று இல்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். சரியா?

மார்ச் 2, காலை
வேன் கதைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த மிஷனரிகள்.

அவர்களில் பேர்பெற்ற ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்த வருஷம் 1820. இந்தப் பக்கத்தின் முதல் தனிக் கிறிஸ்தவக் கிராமமான முதலூர் உண்டானது 1799. இடையில் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கிறது, யாரும் அதைக் கவனிப்பதில்லை. முதலூருக்கு நிலம் வாங்க ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரி உதவினார், மறுக்கவில்லை. ஆனால் சாத்தான்குளம் பக்கத்துப் பனங்காட்டில் போய் உட்கார்ந்து பேசியவர் டேவிட் சுந்தரானந்தம். பனையேறுகிற சமூகத்தில் பிறந்தவர், தஞ்சாவூர்ப் பக்கம் போன இடத்தில் விசுவாசியாகி, சத்தியநாதனோடு ஊர் திரும்பினார். சொந்தக்காரர்களிடம்தான் முதலில் போனார். சத்தியநாதனும் வெள்ளைக்காரர் இல்லை. மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் (பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம்) தஞ்சாவூரிலிருந்து அனுப்பிய உபதேசியார், அதாவது குருப்பட்டம் இல்லாமல் சபைக்குப் போதிக்கிற ஊழியர். 1790-ல் குருப்பட்டமும் பெற்றார்.

அதற்கும் முன்னால் குளோரிந்தா. தஞ்சாவூர்ப் பிராமண விதவை, 1778-ல் ஞானஸ்நானம் பெற்றவர். 1780-ல் எழுதிய பாளையங்கோட்டைச் சபைப் பதிவில் 40 பேர் இருக்கிறார்கள், முதல் பெயர் இந்த அம்மாளுடையது. 1785-ல் எழும்பிய கோயிலைப் பாளையங்கோட்டையில் இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் சொல்வார்கள்.

மார்ச் 2, இரவு
ஒன்று விட்டுப்போயிற்று. 1800-களின் தொடக்கத்தில் கெரிக்கே ஐயர் என்ற மிஷனரி ஒரு சுற்று வந்து ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அவர் போன பிறகு ரேனியஸ் வரும்வரைக்கும் பெரும்பாலும் ஐரோப்பிய மிஷனரி யாரும் இங்கே குடியிருக்கவில்லை. நடுவில் கொள்ளைக் காய்ச்சல் வந்தது, துன்புறுத்தல் இருந்தது, பழைய வழிக்குத் திரும்பினவர்களும் உண்டு. 1816-ல் ஜேம்ஸ் ஹஃப் ராணுவக் குருவாகப் பாளையங்கோட்டைக்கு வந்து விசாரித்தபோது மூவாயிரம் பேர் அளவில் இன்னும் கிறிஸ்தவர்களாகவே இருந்தார்கள். அவர்களை வைத்துக் காப்பாற்றியது நாட்டுக் குருமாரும் உபதேசியார்களும்தான். சம்பளம் ஒழுங்காக வராத உபதேசியார்கள்.

மார்ச் 4
ரேனியஸைக் குறைத்துப் பேசுகிறேன் என்று ஒருவர் கோபித்திருக்கிறார். குறைக்கவில்லை. அவர் ஒருவரே ஊர் ஊராகப் போய்ச் சபை உண்டாக்கினார் என்ற கதையைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர் செய்த பெரிய காரியம் உபதேசியார்களை உருவாக்கியது. அவர்களைப் பாளையங்கோட்டைக்கு வரவழைப்பார், அவரவர் ஊரில் நடந்ததைச் சொல்லச் சொல்லிக் கேட்பார், வேதபாடம் நடத்துவார், திருப்பி ஊருக்கு அனுப்பிவிடுவார். ஐயர் குதிரையில் வந்து போவார். உபதேசியார் அங்கேயே குடும்பத்தோடு இருப்பார். காலையில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், சாயங்காலம் ஜெபம், நடுவில் சாவு, சண்டை, மனு எழுதுவது எல்லாம் அவர் தலையில்.

1835-ல் அவரை அனுப்பிய சி.எம்.எஸ். என்ற இங்கிலாந்து மிஷனரி சங்கத்தோடு ரேனியஸுக்குப் பிணக்கு வந்து வெளியேறினார், 1838-ல் இறந்தார். அந்தச் சண்டையில் சபைகள் கலங்கின, ஆனால் கரைந்துபோகவில்லை. ஊருக்குள் ஆள் இருந்தார்கள்.

மார்ச் 5
முதலூர் என்றதும் மஸ்கோத் அல்வாதான் ஞாபகம் வருகிறது என்று எழுதியவருக்கு: எனக்கும்தான். தேங்காய்ப்பாலில் செய்கிற அல்வா, சுடச்சுட வாங்கினால் வீடு வந்து சேராது. இழை திசைமாறுவதற்குள் நிறுத்துகிறேன்.

மார்ச் 6
தனிக் கிறிஸ்தவக் கிராமங்கள் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு என்னிடம் ஒரே பதில் இல்லை.

பண்ணையார் குடிசையைப் பிடுங்கி எறிந்தால் புது விசுவாசி எங்கே போவான்? அதற்காகத்தான் 1830-ல் ரேனியஸ் தர்ம சங்கம் வைத்து நிலம் வாங்கினார். ஜெர்மனியில் டோனா பிரபு கொடுத்த பணத்தில் எழும்பியது டோனாவூர். மெஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம் என்று பெயரே மாறிய ஊர்கள் எத்தனை. அடி உதைக்கு அந்த ஏற்பாடு மருந்துதான்.

ஆனால் பக்கத்து ஊர்க்காரனோடு கொள்வினை கொடுப்பினை, கிணறு, களத்துமேடு எல்லாம் அறுந்தது. விசுவாசி ஒரு ஊர், மற்றவர்கள் வேறு ஊர் என்று பிரிந்த பிறகு யார் யாரிடம் சாட்சி சொல்வது? இன்னொன்று, ஊர் முழுக்க ஒரே சாதி. வெளியில் இருந்த சாதி வேலிக்குள்ளே பத்திரமாக வந்துவிட்டது.

இத்தனையும் சொல்லிவிட்டு யோசித்தால், அடி வாங்கிய இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தப் புது ஊருக்கு முதல் ஆளாக மூட்டை கட்டியிருப்பேன்.

மார்ச் 8
"சொந்த அனுபவம் இருக்கிறதா, புத்தகத்தைப் பார்த்து எழுதுகிறீர்களா" என்று கேட்டிருக்கிறார்கள். இருக்கிறது. ஆலங்குளத்துக்கு மேற்கே ஒரு சின்ன ஊரில் வாடகை வீடு எடுத்து உபதேசியாராக இருந்தவன் நான். ஊர் பெயர் வேண்டாம்.

ஆண்கள் விடிகிறதற்கு முன்னால் செங்கல் சூளைக்கும் லோடு ஏற்றவும் போய்விடுவார்கள். பெண்கள் எல்லாரும் பீடி சுற்றுகிறவர்கள். மடியில் முறம், அதில் வெட்டிய இலை, தூள், நூல். கை நிற்காது. ஞாயிற்றுக்கிழமை என்றாலும் மறுநாள் கடையில் கணக்குக் கொடுக்க வேண்டுமே. ஆராதனைக்கு வாருங்கள் என்றால் "வரலாம் சார், கட்டு பாக்கி இருக்கு" என்பார்கள். பொய்யில்லை. ஞாயிறு மதியம் போகிற உங்கள் வேன் ஊழியருக்கும் இதே பதில்தான் கிடைத்திருக்கும்.

அவர்கள் முறத்தை விட்டு எழுந்து வரப்போவதில்லை என்று புரிந்ததும், நாங்கள் முறம் இருக்கிற திண்ணைக்குப் போனோம். என் மனைவியும் ஒரு முறத்தை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சுற்றத் தெரியாது, இலையை வீணாக்கினாள், அதை வைத்தே அவளைக் கேலி செய்து சிரித்துச் சிநேகமானார்கள். எட்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளை லூக்கா சுவிசேஷத்தைச் சத்தமாக வாசிக்கும். மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். ஒரு பகுதியை வாசித்து முடித்தால் யாராவது ஒருத்தி அதை அவள் பாணியில் திருப்பிச் சொல்ல வேண்டும். எழுத்துத் தெரியாதவர்களுக்கு என்ன ஞாபகசக்தி! கெட்ட குமாரன் கதையைச் சொன்ன அம்மா, மூத்தவனை அவள் கொழுந்தனாகவே ஆக்கிவிட்டாள், திண்ணை முழுக்கச் சிரிப்பு.

அப்புறம்தான் கேள்விகள் வந்தன. ஒருத்தி கேட்டாள்: "கடைக்காரன் இலையைக் குறைச்சுப் போடுறான், எண்ணிக்கை மட்டும் கேக்கான். நான் தூளைக் குறைச்சுச் சுத்துனா பாவமா?" ஏமாற்றி வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்ற வரி வசூல்காரன் சகேயு கதையை வாசித்த அன்றைக்கு வந்த கேள்வி. நான் களவு செய்யாதே என்கிற எட்டாம் கட்டளையில் ஆரம்பித்து எங்கேயோ போனேன். பக்கத்தில் இருந்தவள் குறுக்கிட்டு, "தூளைக் குறைச்சா பீடி கழிஞ்சு வரும், திரும்பவும் நம்ம தலையிலதான். எல்லாரும் சேர்ந்து போயி இலையைக் கேப்போம்" என்றாள். போனார்கள். இலை கொஞ்சம் கூடக் கிடைத்தது. சீஷத்துவப் பயிற்சி என்று அச்சடித்த புத்தகம் எங்களிடம் இருந்தது, அதில் இந்தப் பாடம் கிடையாது.

மார்ச் 8, சற்றுக் கழித்து
அந்தக் கதைக்கு வால் ஒன்று உண்டு. பட்டணத்திலிருந்து வந்த ஒரு பிரசங்கியார், யார் என்று சொல்லமாட்டேன், மைக்கில் பீடி குடிப்பதும் பாவம் சுற்றுவதும் பாவம் என்று முழங்கிவிட்டுச் சாப்பிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரம் திண்ணையில் பாதிப் பேர் இல்லை. "சார், வயித்துப் பொழப்பே பாவம்னா நாங்க எங்க வர?" புகையிலைத் தூளால் வருகிற இருமல் எனக்கும் தெரியும். அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வேறு பிழைப்பைக் காட்டாமல் அந்தப் பிரசங்கத்தைச் செய்ய யாருக்கு உரிமை? தையல் வகுப்பு ஒன்று தொடங்கினோம், சிலர் மாறினார்கள். முக்கால்வாசிப் பேர் இன்றும் பீடிதான் சுற்றுகிறார்கள். சபை மூப்பரில் ஒரு அம்மாவும் அவர்களில் ஒருத்தி.

மார்ச் 10
வேனுக்கு ஆதரவாக ஒருவர் ராக்லாண்ட் என்ற மிஷனரியை இழுத்திருக்கிறார். நல்ல எதிர்வாதம். 1850-களில் ராக்லாண்டும் அவரோடு இருந்தவர்களும் வடக்குத் திருநெல்வேலியில் கூடாரம் போட்டு ஊர் ஊராகச் சுற்றினார்கள். சிவகாசி, சாத்தூர் பக்கமெல்லாம். குடியிருக்கவில்லைதான். 1858-ல் சிவகாசியில் ராக்லாண்ட் இறந்தபோது கைக்கு எட்டிய பலன் கொஞ்சம்தான்.

ஆனால் அந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது வேறு. தெற்கே இருந்த பழைய சபைகள் தங்கள் உபதேசியார்களை முறைவைத்து மாதத்துக்கு மாதம் வடக்கே அனுப்பின. செலவும் அந்தச் சபைகளுடையது. ஒரு தலைமுறைக்கு முன்னால் தாங்களே புது விசுவாசிகளாக இருந்த பனையேறிகள் கொடுத்த காசு அது. ராத்திரி கூடாரத்தில் தங்கினார்கள், விளக்கு வைத்த பிறகு வந்து கேட்கிறவனுக்கு ஆள் இருந்தது. உங்கள் வேன் ஆறு மணிக்குக் கிளம்பிவிடுகிறது. கிராமத்தான் வீட்டுக்கு வந்து கால் கழுவுகிற நேரம் அது.

ஆகவே சுற்றுப் பயணமே வீண் என்று மேலே எழுதியதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ராத்தங்காத பயணத்தைத்தான் சொல்கிறேன்.

மார்ச் 12
அரிசிக் கிறிஸ்தவர்கள், அதாவது சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள் என்று ஒருவர் குத்தியிருக்கிறார். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் நெல்லைப் பகுதியில் பல்லாயிரம் பேர் சபையில் சேர்ந்தது உண்மை. நிவாரணம் கிடைத்ததும் காரணம்தான். கால்டுவெல் காலத்திலேயே இதைப் பற்றி விவாதம் நடந்தது. பசியில் வந்தவன் மனசைத் துருவிப் பார்க்க எனக்கு ஆர்வமில்லை. வந்தவனுக்கு அப்புறம் யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று மட்டும் கேட்பேன். அத்தனை பேருக்கும் உபதேசியார் கிடைக்கவில்லை, கிடைக்காத இடத்தில் நழுவினார்கள். இன்றைக்கு அரிசி மூட்டை கொடுத்து ஆள் சேர்க்கிறவர்களைப் பற்றிக் கேட்டால், அது எனக்குப் பிடிக்காது. வெள்ளம் வந்தால் கொடுங்கள், ஊர் முழுக்கக் கொடுங்கள், வாங்குகிறவன் பெயரைச் சபை அட்டையில் எழுதாதீர்கள்.

மார்ச் 13
சாதி பற்றி எழுதாமல் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று ஒரு தம்பி சொல்லியிருக்கிறான். சரி.

கிராமத்தில் சேரியிலிருந்து ஒரு பையன் ஞானஸ்நானம் பெற வருகிறான். 1950 ஜனாதிபதி ஆணைப்படி அவன் கிறிஸ்தவனானால் பட்டியல் சாதியில் வரமாட்டான். சீக்கியரை 1956-லும் பௌத்தரை 1990-லும் சேர்த்தார்கள், கிறிஸ்தவருக்கு இல்லை. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவான், அவ்வளவுதான். கல்லூரி இடம், உதவித்தொகை, பஞ்சாயத்துத் தேர்தலில் தனித்தொகுதி எல்லாம் இதில் மாட்டிக்கொள்ளும். இதைப் பையனிடமும் அவன் அப்பா அம்மாவிடமும் தண்ணீரில் இறக்குவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். சொல்லாமல் அவசரப்படுத்தி எண்ணிக்கை காட்டுகிற ஊழியர்களைப் பார்த்திருக்கிறேன். சொன்ன பிறகு அவன் காத்திருக்கிறேன் என்றால் காத்திருக்கட்டும், திண்ணையிலிருந்து அவனைத் தள்ள வேண்டாம்.

நம் பக்கத்துக் குற்றம் வேறு. கோயிலுக்குள் ஒன்றாக உட்கார்ந்துவிட்டு, கல்லறைத் தோட்டத்தில் இடம் பிரிக்கிற சபைகள் இன்னும் உண்டு. 1857-ல் நாசரேத் சபையிலிருந்து சட்டாம்பிள்ளை என்பவர் தன் ஆட்களோடு பிரிந்து போனதற்கு வெள்ளைக்கார மிஷனரிகள் நாட்டுக் கிறிஸ்தவனை நடத்திய விதம் ஒரு காரணம். அவர்களுடைய நாடார் சமூகத்தைப் பற்றிக் கால்டுவெல் எழுதியது அந்தக் கோபத்துக்கு இன்னும் தூபம் போட்டது. அன்று கோபித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்குச் சேரிக்காரரை எப்படி நடத்துகிறார்கள்? கேட்டால் நிறையப் பேருக்குப் பிடிக்காது, கேட்கத்தான் வேண்டும்.

மார்ச் 13, இரவு
அசனம், அதாவது சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற பந்தி, இதற்கு நல்ல மருந்து என்று நான் நம்புகிறேன். ஒரே பந்தி, ஒரே அண்டா, யார் கையால் பரிமாறினாலும் சாப்பிட வேண்டும். ஆனால் பந்தியில் உட்கார்ந்தவன் சம்பந்தம் பேசும்போது எழுந்து போய்விடுகிறான். அதையும் பார்த்தாயிற்று.

மார்ச் 16
எண்ணிக்கையைப் பெருக்க வழி கேட்டவருக்கு அசரியாவைச் சொல்கிறேன். வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவர். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது முன்னால் நின்றார். நெல்லைச் சபைகளின் காசில் நெல்லை ஆட்களைத் தெலுங்கு நாட்டு டோர்னக்கலுக்கு அனுப்பினார்கள். பிறகு தானே போய், தெலுங்கு படித்து, 1912-ல் அங்கே பேராயரானார்.

அங்கே திரளாக வந்தவர்கள் மாலா, மாதிகா என்ற இரண்டு தலித் சாதி மக்கள். பெரும்பாலும் படிப்பில்லாத கூலிகள். ஞானஸ்நானம் பெறும்போது ஒவ்வொருவரும் தலையில் கை வைத்து, சுவிசேஷத்தைச் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ என்று சொல்ல வைத்தார். ஐயர் இல்லை, உபதேசியார் இல்லை, நேற்று வந்த கூலிக்காரன் சொல்கிறான். அவனுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான், அதை அவன் மாமனிடம் சொல்வான். வருஷத்தில் ஒரு வாரம் சபை முழுவதும் சாட்சிக்காகப் பக்கத்து ஊர்களுக்குப் போகிற வழக்கமும் இருந்தது. பட்டணத்திலிருந்து யாரும் வரவேண்டியதில்லை.

அசரியா காலத்திலும் குறை இருந்தது. வந்த கூட்டத்துக்கு வாத்தியார்கள் போதவில்லை. மாலாவும் மாதிகாவும் ஒரே சபையில் முறைத்துக்கொண்டார்கள். ஆக மார்ச் 13-ல் எழுதியது நெல்லைக்கு மட்டும் உரிய வியாதி இல்லை.

மார்ச் 19
கட்டடம். எங்கள் ஊருக்கு அடுத்த ஊரில் வெளியூர்க் காணிக்கையில் காங்கிரீட் ஆலயம் ஒன்று நிற்கிறது. வாசலில் கொடுத்தவர் பெயர் பளிங்குக் கல்லில். சாவி பட்டணத்தில் ஊழியர் வீட்டில். மழைக்கு ஆடு ஒதுங்குகிறது. ஊரார் ஒரு செங்கல்கூடச் சுமக்காத கட்டடம், அது கசிந்தால் யாருக்கு என்ன? கலெக்டர் அனுமதி வாங்காமல் எழுப்பியதால் ஊரில் மனஸ்தாபம் வேறு.

எங்கள் பெண்கள் கைப்பிடி அரிசி எடுத்தார்கள். உலையில் அரிசி போடும்போது ஒரு பிடி பழைய பால் பவுடர் டப்பாவில். மாதக் கடைசியில் ஏலம் விடுவோம். அதில் வந்த காசில் முதலில் வாங்கியது இரண்டு ஜமுக்காளம். கூரைக் கொட்டகை எல்லாம் ரொம்பப் பிறகு.

மார்ச் 22
கேள்வி கேட்டவரே திரும்ப எழுதியிருக்கிறார், சந்தோஷம். பத்து கிராமத்தை இரண்டாகக் குறைத்துவிட்டார்களாம். ஒரு தம்பதியர் குடிபோகத் தயார், மனைவிக்குத் தையல் தெரியும். எப்போது அனுப்பலாம் என்று கேட்கிறார்.

மே மாதமே போகச் சொல்லுங்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும், அவர்கள் பிள்ளைகள் அந்த ஊர்ப் பள்ளியிலேயே சேரட்டும். பட்டணத்து ஸ்கூல் வேன் வாசலில் வந்து நின்றால் ஊர்க்காரர்களுக்கு எல்லாம் புரிந்துவிடும். வீடு ஊருக்கு நடுவில் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் சேரிப் பக்கம் பாருங்கள், மெயின் ரோட்டு மேல் வேண்டாம். தலைவர் வீட்டுக்கும் கோயில் தர்மகர்த்தா வீட்டுக்கும் முதல் வாரமே போய், யார், எதற்கு வந்திருக்கிறோம் என்று மறைக்காமல் சொல்லிவிடட்டும். ஆறு மாசத்துக்கு மைக் செட் கூடாது. மாத அறிக்கையில் தலை எண்ணிக்கை கேட்காதீர்கள், என்ன கேள்வி கேட்டார்கள் என்று எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

வேனை விற்க வேண்டாம். அந்தப் பக்கம் ராத்திரி ஒன்பதுக்கு மேல் பஸ் கிடையாது, பிரசவத்துக்கு உதவும்.